விலை காட்டும் மின்திரை: அமைத்தலும் பராமரித்தலும்

தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம் உழவர் சந்தைகளுக்குக் காய்கறி கொண்டு செல்லும் உழவர் பெருமக்களுக்கு விலைப் பலகை புதிய பொருளன்று. 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்ட காலந்தொட்டு, அன்றன்றைய விலையைக் காலையில் முடிவு செய்து பலகையில் எழுதி வைப்பது அச்சந்தைகளின் நடைமுறையாக இருந்து வருகிறது. மொத்த விலைக்குச் சற்று மேலாகவும் சில்லறைக் கடை விலைக்குச் சற்றுக் கீழாகவும் அவ்விலை அமையும். வாங்குவோர், விற்போர் ஆகிய இருவரும் ஒரே எண்ணைப் பார்த்துப் பேசுவதால் வாய்ச்சண்டைக்கு இடமில்லை.

சாக்பீஸால் எழுதும் இந்தப் பலகையின் வேலையை இன்று பல இடங்களில் மின்திரைகள் செய்கின்றன. பேருந்து நிலையத்திலும் மருத்துவமனையிலும் வங்கியிலும் இவற்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பட்டுக்கூடு விற்க கர்நாடகத்தின் ராமநகரம் வரை சென்று வந்தவர்கள், அங்குள்ள அங்காடியில் மின்னணு முறையில் ஏலம் நடப்பதையும் அறிவார்கள். இத்திரைகளுக்குப் பின்னால் உள்ளங்கை அளவுள்ள ஒரு பெட்டி இருக்கும். படங்களையும் எழுத்துகளையும் வரிசையாகத் திரைக்கு அனுப்புவது அதுதான். இதை ‘மீடியா பிளேயர்’ என்கிறார்கள். உங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலோ பால் கூட்டுறவுச் சங்கத்திலோ இத்தகைய திரை ஒன்றை வைக்க எண்ணினால், எப்படி அமைப்பது, எப்படிக் காப்பது என்பதைக் கீழே காணலாம்.

பழைய விலையின் கேடு

அமைக்கும் முறைக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சாக்பீஸ் பலகையில் நேற்றைய விலை அழியாமல் இருந்தால் பார்த்தவுடனே தெரியும். எழுத்து மங்கியிருக்கும், மூலையில் துடைத்த தடம் இருக்கும். மின்திரை அப்படியன்று. மூன்று நாள் பழைய விலையையும் இன்று காலை எழுதியதைப் போலவே பளிச்சென்று காட்டும். பார்ப்பவர் அதை நம்பிவிடுவார்.

இதனால் என்ன நட்டம் வரும் என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். ஒருவர் 15 கிலோ பெட்டி 20 தக்காளி கொண்டு வருகிறார்; மொத்தம் 300 கிலோ. திரை நேற்றைய விலையான கிலோ 24 ரூபாயைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. இன்று வரத்து கூடி விலை 17 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. காலை 6 மணிக்கு வியாபாரி 17 ரூபாய்க்குக் கேட்கும்போது, திரையை நம்பி அவர் மறுத்துவிடுகிறார். 10 மணிக்குச் சரக்கு மேலும் குவிந்து 12 ரூபாய்க்கு விற்றுவிட்டுத் திரும்புகிறார். கிலோவுக்கு 5 ரூபாய் வீதம் 1,500 ரூபாய் இழப்பு. பறிகூலியும் வண்டி வாடகையும் அதில் போய்விடும். திரையே இல்லாதிருந்தால் அவர் நான்கு பேரை விசாரித்திருப்பார். ஆகவே, நாள்தோறும் தவறாமல் விலை ஏற்ற ஆள் இல்லாத இடத்தில் மின்திரை வைக்காமல் இருப்பதே நலம் என்பது எம் கருத்து.

என்னென்ன வேண்டும்?

ஒரு திரை, ஒரு பெட்டி, பெட்டியைத் திரையுடன் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. வயர், மின்சாரத்தைச் சீராகக் கொடுக்கும் கருவி, சுவரில் மாட்டும் இரும்புச் சட்டம் ஆகியன தேவை. இணையத் தொடர்பு இருந்தால் வசதி, இல்லாமலும் நடத்தலாம்.

திரைக்கு 43 அங்குல எல்.இ.டி. தொலைக்காட்சி பெரும்பாலான சங்கங்களுக்குப் போதும். கடைகளுக்கென்றே செய்யப்படும் திரைகளும் உண்டு. அவை நாள் முழுதும் ஓடுவதற்கு ஏற்றவை, விலை அதிகம். வீட்டுத் தொலைக்காட்சியை வாங்குவதானால் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல் இருப்பது நல்லது. சங்கத்தில் வைத்து ஓட்டினாலும் உத்தரவாதம் உண்டா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே உத்தரவாதம் என்று அட்டையில் அச்சிட்டிருப்பது உண்டு.

பெட்டி வாங்குமுன் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். இன்றைய தொலைக்காட்சிகள் பலவற்றில் பென்டிரைவைச் செருகினாலே படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நாளைக்கு ஒரு முறை விலை மாற்றும் சிறிய பால் சங்கத்துக்கு இதுவே போதும். தனிப் பெட்டி வீண் செலவு. ஆனால் மின்சாரம் போய் வந்ததும் தொலைக்காட்சி தானாகப் படங்களைக் காட்டத் தொடங்காது. யாராவது ரிமோட்டை எடுத்து மறுபடியும் தொடங்கி வைக்க வேண்டும். குறித்த நேரத்தில் குறித்த படத்தைக் காட்டு என்று சொல்லி வைக்கவும் முடியாது. இவை இரண்டும் தேவைப்படும் இடத்துக்குத்தான் தனிப் பெட்டி.

தனிப் பெட்டிகளில் சிறு கணிப்பொறிப் பலகையான ‘ராஸ்பெரி பை’ பலராலும் பயன்படுத்தப்படுகிறது. இது இங்கிலாந்தில் மாணவர்கள் கணிப்பொறி பழகுவதற்கென்று 2012ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. விலைக் குறைவும் மின்செலவுக் குறைவும் இதன் சிறப்பு. இதில் இடுவதற்கு ‘ஆன்தியாஸ்’ போன்ற கட்டணமில்லாத மென்பொருள்கள் கிடைக்கின்றன. ஆண்ட்ராய்டு பெட்டிகளும் இவ்வேலைக்கு உதவும். எந்தப் பெட்டியானாலும் மின்சாரம் வந்ததும் தானே தொடங்க வேண்டும், இணையம் இல்லாதபோதும் உள்ளே சேமித்ததை ஓட்ட வேண்டும், ஒவ்வொரு படத்துக்கும் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் குறிக்க இயல வேண்டும். இவற்றைக் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள்.

இடம் தேர்வு

வெயில் நேரே விழும் இடத்தில் தொலைக்காட்சித் திரை தெரியாது. கிழக்குப் பார்த்த சுவரில் மாட்டினால், சந்தை கூடும் காலை நேரத்தில்தான் இளவெயில் திரையில் அடிக்கும். வடக்குப் பார்த்த சுவர், அல்லது கூரைக்கு உள்ளே நான்கடி தள்ளிய சுவர் ஏற்றதாகும். முழுவதும் திறந்த வெளியில்தான் வைக்க வேண்டுமென்றால் தொலைக்காட்சி வேண்டாம். பேருந்துகளில் ஊர்ப்பெயர் ஓடும் எல்.இ.டி. எழுத்துப் பலகையே சிறந்தது. அதில் படம் வராது. ஆனால் நடுப்பகலிலும் எழுத்து தெரியும்.

தகரக் கூரையின் அடியில் கோடையில் எவ்வளவு சூடு இருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுத் தொலைக்காட்சிகள் பொதுவாக 40 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூட்டில் ஓடுமாறு செய்யப்பட்டவை. சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்குள் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும். ஓட்டுக் கூரையோ கான்கிரீட் தளமோ உள்ள அறையின் முகப்பில் மாட்டுங்கள். கொட்டகைதான் உண்டு என்றால், திரைக்கு மேல் ஓரடி இடைவெளி விட்டுத் தென்னங்கீற்றுத் தட்டி ஒன்று கட்டுங்கள். பகல் 12 மணி முதல் 3 மணி வரை திரையை நிறுத்தி வையுங்கள். அந்த நேரத்தில் விலை பார்க்க வருவோரும் குறைவே.

திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஏழடி உயரத்தில் இருக்கட்டும். முன்னால் நிற்பவரின் தலை பின்னால் நிற்பவருக்கு மறைக்காது. குழந்தைகள் கைக்கும் எட்டாது. திரை சற்றே கீழ் நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மண் சுவரில் இரும்புச் சட்டத்தை அடிக்கக் கூடாது. மழைக்காலத்தில் ஆணி தளர்ந்து திரை விழும். செங்கல் சுவரானால் விரியும் போல்ட்டு நான்கு இட்டு முடுக்கலாம். பெட்டியைத் திரைக்குப் பின்னால் ஒட்டி மாட்டும் வழக்கம் உண்டு. வயர் வெளியே தெரியாது என்பது அதன் வசதி. ஆனால் திரையின் சூடு முழுதும் பெட்டியில் ஏறும். பக்கவாட்டுச் சுவரில், காற்றோட்டத் துளையுள்ள சிறு இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி வைப்பதே எம் பரிந்துரை. வயர் 2 அல்லது 3 மீட்டர் இருந்தால் போதும். நீண்ட வயர்களில் படம் விட்டு விட்டு வரும்.

மின்சாரம்

43 அங்குலத் திரை ஏறத்தாழ 100 வாட் இழுக்கும் என்று வைத்துக் கொள்ளலாம். சரியான அளவு பின்பக்க வில்லையில் அச்சிடப்பட்டிருக்கும். நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 0.8 யூனிட், மாதத்துக்கு 24 யூனிட். பெட்டி 5 வாட் அளவே இழுக்கும். இரவும் பகலும் ஓடினாலும் மாதத்துக்கு 4 யூனிட்டுக்குள் அடங்கும். ஆகவே பெட்டியை நிறுத்தாமல் திரையை மட்டும் நிறுத்தும் பழக்கம் நல்லது.

நம் கிராமங்களில் மின்சாரம் போவதைவிட, போய்த் திரும்ப வரும்போது ஏறும் மின்னழுத்தமே அதிகக் கேடு செய்கிறது. மோட்டார்கள் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் இறங்கினால் பெரும்பாலான புதிய தொலைக்காட்சிகள் தாங்கிக் கொள்ளும். அவற்றின் வில்லையில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கும். ஆனால் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டால் வீட்டு இணைப்பில் 230 வோல்ட்டுக்குப் பதிலாக 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம் பாயக்கூடும். அப்போது திரையும் பெட்டியும் சேர்ந்து போய்விடும். ஆகவே, அழுத்தம் எல்லை மீறினால் தானே துண்டித்துக் கொள்ளும் ஸ்டெபிலைசர் அவசியம். எர்த் இணைப்பு சரியாக உள்ளதா என்று எலக்ட்ரீசியனைக் கொண்டு பார்த்துக் கொள்ளுங்கள். இரும்புச் சட்டத்தையும் இரும்புப் பெட்டியையும் எர்த்துடன் சேர்க்க வேண்டும்.

பெட்டிக்கு யுபிஎஸ் தேவை. இதற்குக் காரணம் உண்டு. பெட்டியின் மென்பொருளும் படங்களும் ஒரு சிறு மெமரி கார்டில் உள்ளன. அதில் பெட்டி எழுதிக் கொண்டிருக்கும்போது மின்சாரம் சட்டென நின்றால் எழுத்து பாதியில் முறிந்து, கார்டு கெட்டுப் போகும். மறுநாள் திரை கறுப்பாகவே இருக்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் கொண்ட சாதாரண யுபிஎஸ் ஒன்று திரையையும் சேர்த்துத் தாங்கினால் அரை மணி நேரம்கூட நிற்பது அரிது. பெட்டியை மட்டும் அதில் இணைத்தால் சில மணி நேரம் நிற்கும். எனவே திரையை ஸ்டெபிலைசரிலும் பெட்டியை யுபிஎஸ்ஸிலும் தனித்தனியே இணையுங்கள். இணைய மோடத்துக்கென்று விற்கும் சிறு யுபிஎஸ்ஸை வாங்குவோர் அதன் வோல்ட் அளவைப் பார்க்க வேண்டும். அவற்றில் பல 12 வோல்ட் கொடுப்பவை. ராஸ்பெரி பை 5 வோல்ட்டில் ஓடுவது. மாற்றிச் செருகினால் பெட்டி அப்போதே கருகிவிடும்.

பெட்டியுடன் வரும் அடாப்டரையே பயன்படுத்துங்கள். ராஸ்பெரி பை நான்காம் வகைக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். மேசையில் கிடக்கும் செல்போன் சார்ஜரைச் செருகினால் பெட்டி ஓடுவது போலத் தோன்றும். பிறகு காரணமின்றி நின்று நின்று தொடங்கும். திரையின் வலது மேல் மூலையில் சிறு மஞ்சள் மின்னல் குறி தோன்றினால் மின்சாரம் போதவில்லை என்று பொருள்.

பெட்டியைத் தயார் செய்தல்

மெமரி கார்டில் மென்பொருளை ஏற்றும் வேலை ஒரு முறைதான். கணிப்பொறி அறிந்த இளைஞர் ஒருவர் இருந்தால் ஒரு முற்பகலில் முடிந்துவிடும். 32 ஜிபி கார்டு போதும். ஆனால் பெயர் பெற்ற நிறுவனத்தின் கார்டாக, பில்லுடன் வாங்குங்கள். போலிக் கார்டுகள் சந்தையில் மிகுதி.

வேலை முடிந்து எல்லாம் சரியாக ஓடுகிறது என்று கண்ட அன்றே, அந்தக் கார்டை அப்படியே இன்னொரு கார்டில் படியெடுத்துக் கொள்ள வேண்டும். விதைக் கேழ்வரகைத் தனியே எடுத்து வைப்பதைப் போல, இந்த இரண்டாம் கார்டைப் பெயரெழுதிய உறையிலிட்டுச் சங்கப் பீரோவில் வையுங்கள். முதல் கார்டு கெட்ட நாளில் இதைச் செருகினால் ஐந்து நிமிடத்தில் திரை உயிர் பெறும். மாற்று மின்கலத்துக்கும் மாற்று வயருக்கும் பணம் ஒதுக்கும் சங்கங்கள் இந்தச் சிறு செலவை மறந்துவிடுகின்றன.

கடவுச்சொல்லை மாற்றுவது அடுத்த வேலை. மென்பொருள் முதலில் கடவுச்சொல் இல்லாமலோ, எல்லோரும் அறிந்த கடவுச்சொல்லுடனோ வரக்கூடும். அப்படியே விட்டால், சங்கத்தின் வைஃபையில் சேர்ந்த எவரும் திரையில் எதையும் காட்டலாம். விலை நேரத்தில் சினிமாப் பாட்டு ஓடினால் சிரித்துவிட்டுப் போகலாம். பொய் விலை ஓடினால் சிரிக்க முடியாது. புதிய கடவுச்சொல்லைச் செயலாளர், விலை ஏற்றுபவர் ஆகிய இருவர் மட்டும் அறிந்திருக்கட்டும்.

தொலைக்காட்சியிலும் சில மாற்றங்கள் செய்ய வேண்டும். நான்கு மணி நேரம் ரிமோட்டைத் தொடாவிட்டால் தானே நின்றுவிடும் ஏற்பாடு பல தொலைக்காட்சிகளில் உண்டு. அதை நிறுத்தி வையுங்கள். மின்சாரம் வந்தவுடன் தானே எரியும்படியும், எச்.டி.எம்.ஐ. வழியிலேயே தொடங்கும்படியும் அமையுங்கள். பிறகு ரிமோட்டைப் பூட்டி வைத்துவிடலாம்.

தமிழ் எழுத்தும் அளவும்

பெட்டிக்குள் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரியும். கொம்பும் காலும் இடம் மாறி ‘கொ’ என்பது சிதறி நிற்கும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த விலைப்பட்டியலை அப்படியே ஏற்றினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குழப்பமே வரும். இதற்கு எளிய வழி, எழுத்தாக ஏற்றாமல் படமாக ஏற்றுவது. கணிப்பொறியிலோ செல்போனிலோ பட்டியலைத் தமிழில் தயாரித்து, 1920க்கு 1080 அளவுள்ள ஜேபெக் படமாக மாற்றி ஏற்றுங்கள். படத்தில் எழுத்து சிதறாது.

எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும்? பத்தடி தூரத்துக்கு ஓரங்குல உயரம் என்பது பலகை எழுதுவோர் கணக்கு. உங்கள் முற்றத்தில் கடைசியில் நிற்பவர் 20 அடி தள்ளி நின்றால் எழுத்து இரண்டங்குலம் இருக்க வேண்டும். 43 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 21 அங்குலம். தமிழில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே சுழியும் வருவதால் வரிக்கு மூன்றங்குலம் விட வேண்டும். ஆக ஏழு வரிகள். தலைப்புக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று போக ஐந்து பொருள்களின் விலையைத்தான் ஒரு படத்தில் காட்ட முடியும். இருபது பொருள்களையும் ஒரே படத்தில் திணித்து, பொடி எழுத்தில் யாரும் படிக்க முடியாமல் வைத்திருப்பதையே பல இடங்களில் காண்கிறோம். இருபது பொருள் என்றால் நான்கு படம். படத்துக்கு 12 வினாடி. 48 வினாடியில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஒரு நிமிடம் காத்திருக்க எவரும் வருந்த மாட்டார்.

கருநீலம் அல்லது கறுப்புப் பின்னணியில் வெள்ளை, மஞ்சள் எழுத்து தெளிவாகத் தெரியும். பொருளின் பெயருக்குப் பக்கத்தில் அதன் படத்தையும் சிறிதாகப் போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களும் தக்காளிப் படத்தையும் பக்கத்து எண்ணையும் பார்த்துக் கொள்வார்கள். எண்ணைப் படிக்கத் தெரியாத உழவர் இல்லை.

எதைக் காட்டுவது?

விலை எழுதும்போது அது கிலோவுக்கா, பெட்டிக்கா என்பதையும், பெட்டி என்றால் எத்தனை கிலோப் பெட்டி என்பதையும் எழுத வேண்டும். பெட்டியின் எடை சந்தைக்குச் சந்தை மாறுவதால் வெறும் பெட்டி விலை ஏமாற்றும். எந்தச் சந்தையின் விலை, எத்தனை மணிக்கு எடுத்தது என்பவையும் ஒவ்வொரு படத்திலும் இருக்கட்டும்.

உயர்ந்த விலையை மட்டும் காட்டும் பழக்கம் தவறு. தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் போகும் கூட்டை எடுத்துக் கொள்ளுங்கள். வெண்கூட்டுக்கு ஒரு விலை, மஞ்சள் கூட்டுக்கு ஒரு விலை. அவற்றிலும் குவியலுக்குக் குவியல் வேறுபடும். உச்ச விலை கிடைத்தது ஒரே ஒரு நல்ல குவியலுக்காக இருக்கலாம். அதைப் பார்த்து எல்லோரும் அதே விலையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். உயர்ந்த விலை, குறைந்த விலை, சராசரி விலை ஆகிய மூன்றையும் வந்த கூட்டின் மொத்த எடையையும் சேர்த்துக் காட்டினால் விற்பவர் தம் கூட்டின் தரத்தைக் கொண்டு கணக்கிட்டுக் கொள்வார்.

விலை விவரங்களைத் தமிழக அரசு 2018இல் தொடங்கிய ‘உழவன்’ செயலியிலிருந்தும், உழவர் சந்தை அலுவலரிடமிருந்தும் பெறலாம். விலைக்கு அடுத்தபடியாக மழை முன்னறிவிப்பு, இடுபொருள் இருப்பு, பால் பணம் வழங்கும் நாள் ஆகியவற்றைக் காட்டலாம். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் கேட்டு, பருவத்துக்கேற்ற பூச்சி, நோய்ப் படங்களையும் சேர்க்கலாம். வாய்மொழியாக நூறு முறை சொல்வதைவிட, தக்காளி இலையில் இலைத்துளைப்பான் இட்ட வெள்ளைக் கோடுகளை ஒரு முறை பெரிய படமாகக் காட்டுவது மனத்தில் நிற்கும். ஆனால் உரக்கடை விளம்பரங்களுக்கு இடம் கொடுக்கும் முன் நிர்வாகக் குழு யோசிக்க வேண்டும். விலைக்கு நடுவே விளம்பரம் நுழைந்தால், சுற்று நீண்டு உழவர் பொறுமையிழந்து போய்விடுவார்.

இந்த வேலையில் முன்னோடிகள் உண்டு. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடல் அலையின் உயரம் ஒலிபெருக்கியில் நாள்தோறும் சொல்லப்பட்டது. அங்கே கருவி எளியதுதான். அன்றன்றைய செய்தியை அன்றன்றே எடுத்துச் சொல்ல ஊருக்குள்ளேயே ஆள் இருந்ததால் அது பயன்பட்டது. உங்கள் சங்கத்திலும் விலை ஏற்ற ஒருவரையும், அவர் வராத நாளுக்கு இன்னொருவரையும் பெயர் சொல்லி நியமியுங்கள். ஏற்றிய நேரத்தை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்திடச் செய்யுங்கள்.

பெட்டியின் கடிகாரம்

பலரும் அறியாத குறை ஒன்று இங்கே உண்டு. ராஸ்பெரி பை நான்காம் வகை வரையிலான பலகைகளில் மின்கலத்தால் ஓடும் கடிகாரம் கிடையாது. இணையத்திலிருந்துதான் அவை நேரத்தை அறிந்து கொள்கின்றன. இரவு 9 மணிக்கு மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, காலை 7 மணிக்கு மின்சாரம் வருகிறது என்று கொள்வோம். இணையம் கிடைத்தால் பெட்டி நேரத்தைச் சரிசெய்து கொள்ளும். கிடைக்காவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடங்கி, இப்போதும் இரவு 9 மணி என்றே எண்ணிக் கொண்டிருக்கும். காலை 6 மணிக்கு வர வேண்டிய புதிய விலை மாலை 4 மணிக்கு வரும். அதுவரை நேற்றைய விலையே ஓடும். முன்பு சொன்ன தக்காளி நட்டம் இவ்வாறுதான் நேர்கிறது.

இதற்குச் சிறு கடிகாரத் துண்டு ஒன்று தனியே விற்கிறார்கள். கைக்கடிகார மின்கலம் போன்ற வட்ட மின்கலத்தால் அது ஓடும். அதைப் பலகையில் செருகி அமைத்துவிட்டால் இணையம் இல்லாதபோதும் நேரம் தவறாது. 2023இல் வந்த ஐந்தாம் வகையில் கடிகாரம் உள்ளேயே உண்டு. ஆனால் அதற்கான மின்கலத்தைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். மலிவான ஆண்ட்ராய்டு பெட்டிகள் பலவற்றிலும் இதே குறை உண்டு. வாங்கியவுடன் இணையத்தைத் துண்டித்து, ஒரு மணி நேரம் மின்சாரத்தையும் நிறுத்தி, மறுபடி போட்டுப் பார்த்தால் குறை தெரிந்துவிடும்.

இரண்டாவது காப்பு, ஒவ்வொரு விலைப் படத்துக்கும் முடியும் நேரம் குறிப்பது. இன்றைய விலை இன்று இரவு 8 மணியுடன் தானே மறைய வேண்டும். அதன்பின் புதிய விலை ஏற்றும் வரை ‘இன்றைய விலை இன்னும் வரவில்லை; அலுவலகத்தில் கேட்கவும்’ என்ற படம் நிற்கட்டும். அதைப் பார்த்தவர் நான்கு பேரை விசாரிப்பார். நேற்றைய விலையை நம்பிச் சரக்கை வைத்துக்கொண்டு உட்கார மாட்டார்.

பராமரிப்பு

தூசிதான் முதல் எதிரி. மஞ்சள் தூற்றும் இடம், கேழ்வரகு புடைக்கும் இடம், மாட்டுத் தீவனம் கொட்டும் அறை ஆகியவற்றுக்கு அருகே இருந்தால் வாரம் ஒரு முறையும், மற்ற இடங்களில் மாதம் ஒரு முறையும் துடைத்தால் போதும். திரையை நிறுத்தி, சூடு ஆறிய பின் பழைய மென்மையான வேட்டித் துணியால் அழுத்தாமல் துடையுங்கள். கறை போகாவிட்டால் துணியைச் சிறிது நனைத்துப் பிழிந்து துடைக்கலாம். திரைமேல் நேரே தண்ணீர் தெளிப்பதோ, மண்ணெண்ணெய், ஸ்பிரிட் முதலியவற்றைத் தொடுவதோ கூடாது. பெட்டியின் காற்றுத் துளைகளைக் காய்ந்த தூரிகையால் தட்டி விடுங்கள். பெட்டிக்குள் சிறு விசிறி இருந்தால் அது சுழல்கிறதா என்று பாருங்கள். உள்ளே சூடு 80 டிகிரியைத் தாண்டினால் பெட்டி தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். படம் திக்கித் திக்கி ஓடும்.

எறும்பும் பல்லியும் சூடான மூலையைத் தேடி வரும். இரும்புப் பெட்டியின் துளைகளை உட்புறம் கொசுவலைக் கம்பியால் மூடுங்கள். தானியம் உள்ள இடத்தில் எலி உண்டு. வயரைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு இழுங்கள்.

கோடை மழையின்போது இடி மின்னல் தொடங்கினால் சுவிட்சை நிறுத்தியது போதுமென்று இருக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், இணைய வயரையும் கழற்றுங்கள். மின்னல் மின்கம்பி வழியே மட்டுமல்லாமல் இணைய வயர் வழியாகவும் வரும். யுபிஎஸ் மின்கலம் இரண்டு மூன்று ஆண்டுகளில் வலுவிழக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மின்சாரத்தை நிறுத்தி, பெட்டி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் குறித்து வந்தால் மாற்ற வேண்டிய காலம் தானே தெரியும்.

கோளாறு வந்தால்

திரை எரிகிறது, ஆனால் ‘சிக்னல் இல்லை’ என்று வருகிறது என்றால் முதலில் எச்.டி.எம்.ஐ. வயரின் இரு முனைகளையும் கழற்றித் துடைத்து மறுபடி செருகுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். பிறகும் வராவிட்டால் பெட்டியின் விளக்கைப் பாருங்கள். விளக்கே எரியாவிட்டால் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். சிவப்பு விளக்கு மட்டும் நிலையாக எரிந்து, பச்சை விளக்கு மினுக்காமல் இருந்தால் கார்டில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு. பீரோவில் உள்ள இரண்டாம் கார்டைச் செருகுங்கள்.

பென்டிரைவில் போட்ட படம் பெட்டிக்குத் தெரியவில்லை என்றால் பென்டிரைவைப் பழைய ‘ஃபேட் 32’ முறையில் அமைத்துப் பாருங்கள். அந்த முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. நீண்ட வீடியோவைத் துண்டாக்கி ஏற்ற வேண்டும். வீடியோ ஓடாமல் ஒலி மட்டும் வந்தால், அதை எச்.264 வகை எம்.பி.4 ஆக மாற்றித் தரும்படி எடுத்துக் கொடுத்தவரிடம் கேளுங்கள். செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ திரையின் நடுவில் ஒரு பட்டையாகத்தான் தெரியும். வயல் காட்சிகளைப் போனைப் படுக்க வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

கார்டும் அடாப்டரும் வயரும் மாற்றிய பின்னும் திரை வராவிட்டால் பெட்டியைக் கழற்றி வேறொரு தொலைக்காட்சியில் செருகிப் பாருங்கள். அங்கே ஓடினால் கோளாறு திரையில். அங்கும் ஓடாவிட்டால் பெட்டியில். எதை யாரிடம் கொண்டு போவது என்பது அப்போது தெளிவாகும். பழுது பார்த்து வரும் வரை சாக்பீஸ் பலகையை எடுத்துத் திரைக்குக் கீழே மாட்டி, அன்றைய தேதியையும் விலையையும் எழுதி வையுங்கள். அந்தப் பலகையை விற்றுவிட வேண்டாம்.